ஐந்தாவது கிணறு

கேள்வி ஒன்பது:
கடந்த இரண்டு வாரங்களில்
கெட்ட கனவு கண்டதுண்டா?
இல்லை என்றால் சுழியம்,
ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் என்றால் மூன்று.

யதுர்ஷிகா, வயது ஒன்பது,
பென்சில் நுனியைக் கடித்தபடி கேட்டாள்:
"நித்திரையே வராட்டி என்ன போடுறது, மிஸ்?"

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பேனையால் எழுதி வைத்தேன்.
கொழும்பிலிருக்கும் தரவுப் பொறுப்பாளர்
ஓரங்களை வாசிப்பதில்லை.

உவர்மலையில் எங்கள் அறை.
ஜன்னலில் பாதி துறைமுகம், பாதி வேப்பமரம்.
படிக்கட்டில் வைத்த ஒரு கோப்பை
ஒருமுறை மான் தின்றுவிட்டது.
"தரவு இல்லை. காரணம்: மான்"
என்று நான் அனுப்பிய குறிப்பை
யாரும் நம்பவில்லை.

அடித்தவர் இப்போது அந்த வீட்டில் இல்லை.
நன்னடத்தை அலுவலர் கையெழுத்து வைத்தாயிற்று,
பிள்ளை சித்தியோடு அன்புவழிபுரத்தில்,
"உடனடி ஆபத்து இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டாயிற்று.
மோட்டார் சைக்கிள் மட்டும் போகவில்லை.
தெருவில் யாருடையதோ வந்து நின்று
எஞ்சின் அணையும் அந்த ஒரு நொடியில்
அவள் கட்டிலுக்கு அடியில்.

அப்புறம் உறை.
கணினி குலுக்கிய சீட்டு, ஒட்டி முத்திரையிட்டது.
"அ" என்றால் வரும் செவ்வாயே சிகிச்சை.
"ஆ" என்றால் ஆறு மாதம் கழித்து.
ஒப்பிடாமல் எதையும் நிரூபிக்க முடியாது,
விரிவுரையில் அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.
கிழித்தேன்.
ஆ.

படகுக்குக் காத்திருந்த ஊர், பாஸுக்குக் காத்திருந்த ஊர்,
காணாமற்போனோர் பட்டியலில்
ஒரு பெயருக்குக் காத்திருக்கிற ஊர்,
இதையும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்ததும் வெட்கமாயிற்று.
ஊர் அல்ல, ஒரு பிள்ளை.

ஆறாம் மாத வரைபடத்தில்
சிகிச்சை பெற்றோர் கோடு கீழே இறங்கியது.
காத்திருந்தோர் கோடு
காற்றில்லாத நாளின் உட்துறைமுகம் மாதிரி
நேராகக் கிடந்தது.
அழகான முடிவு என்றார்கள்.
அந்த நேர்கோட்டில்
நூற்று எண்பது இரவு அவளுடையது.

அன்றிரவு அதே கேள்வித்தாளை
நானும் ஒருமுறை நிரப்பினேன்.
கூட்டிப் பார்க்கவில்லை.

பிறகு அவள் முறை வந்தது.
பயத்தை அளக்க வெப்பமானிப் படம் ஒன்று
கையேட்டில் இருந்தது. அவள் தள்ளிவிட்டாள்.
அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்குக்
கன்னியாவுக்குப் போனவள்.
"ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை, மிஸ்.
நான் எல்லாத்திலயும் கை வைச்சுப் பார்த்தனான்."

அன்றிலிருந்து எங்கள் அளவுகோல் அதுதான்.
அவளே வரைந்த மோட்டார் சைக்கிள்: இரண்டாம் கிணறு.
வெயிலில் நிறுத்திய ஒன்றின் இருக்கையைத் தொடுவது: நான்கு.
ஓடும் எஞ்சினுக்கு அருகே நிற்பது: ஏழு.
கையை எடுத்துவிடலாம், எப்போது வேண்டுமானாலும்.
எடுக்காமல் கொஞ்சம் வைத்திருந்தால்
தண்ணீர் மாறாது, கை பழகும்.

நடந்ததைச் சொல்லச் சொல்ல எழுதுவேன்,
ஒவ்வொரு வாரமும் வாசித்துக் காட்டுவேன்.
முதல் வாரம் இப்படி இருந்தது:
"நான் அழுதன். அதால அடிச்சார்."
ஏழு வாரமும் அப்படியே வாசித்தேன்.
எட்டாம் வாரம் கை நீட்டித் தடுத்தாள்.
"பிழை, மிஸ். மாத்தி எழுதுங்கோ.
அடிச்சார். அதால அழுதன்."

இரண்டு வசனம், இடம் மாறியது மட்டும்.
அதை எந்தக் கூட்டுத்தொகையில் சேர்ப்பது?

கடைசி நாள். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள்
வந்து நின்றது, அணைந்தது.
அவள் தோள் உயர்ந்தது.
"எத்தனையாவது?" என்றேன்.
"அஞ்சு," என்றாள்,
கதிரையை விட்டு எழும்பாமல்.

கேள்வி ஒன்பதுக்கு ஒன்று போட்டிருந்தாள்.
சுழியம் இல்லை.
ஓரத்தில் அவள் கையெழுத்து:
"கனவில மான் வந்தது. அது என்ர கொப்பியைத் தின்டது.
நான் பேசேல்ல."