வான் பாயும் அளவு

மல்லாவிச் சந்தியில் என் கடை.
மேசையில் புவிராஜ் கொண்டுவந்து வைத்த கறுப்புப் பெட்டி:
வயர் இல்லாத சப்வூஃபர்,
முதுகில் ஒரே ஒரு பொத்தான்.
"போடேக்க ஒரு இடி இடிக்குது, அக்கா.
நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர்
எழும்பி முற்றத்துக்கு ஓடி வந்திட்டார்."
ஏன் ஓடினார் என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

பொத்தானுக்கு ஒரு பாஷை உண்டு.
தொட்டு விட்டால் விழிக்கும்.
மூன்று செக்கன் அமத்திப் பிடித்தால்
நீல லைற் மினுங்கி ரீவியைத் தேடும்.
இது தேய்ந்த பொத்தான்,
ஒரு அமத்தலை இரண்டாய் எண்ணி
விழித்த கையோடு படுத்துவிடும்.
அது சின்ன வேலை.

இடிதான் யோசிக்க வைத்தது.
முதலில் கறண்ட் வந்து அடங்க வேணும்.
பிறகு பெட்டி ரீவியின் கையைப் பிடிக்க வேணும்.
அதுவரைக்கும் அம்பிளிபயர்
வாயை மூடிக்கொண்டு நிற்க வேணும்.
அணைக்கும்போது தலைகீழ்:
முதலில் வாய், பிறகு மூச்சு.
இந்தப் பொறுமையைக் காப்பது
ஏழாம் காலோடு நிற்கும் ஒரு கப்பாசிற்றர்.
மாரிக் குளம்போல் மெல்ல நிரம்பி
வான் பாயும் அளவைத் தொட்ட பிறகே
துருசைத் திறக்கும்.
கழற்றிப் பார்த்தேன்:
ஆவணி மாதத்துக் குளம்.
வறண்டு, தலை புடைத்து.

நாற்பத்தேழு மைக்ரோ போட்டேன்.
இடி போச்சு.
ஆயிரத்து இருநூறு வாங்கினேன்.

நாலாம் நாள்
மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
பின்னால் கலாரஞ்சினி, மடியில் பெட்டி.
"அக்கா, அந்த இடியைத் திருப்பிப் போடேலுமோ?"

நான் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
அவளுக்குப் பதினொரு வயதிலிருந்து காது கேட்காது.
பெட்டி வாங்கினதே அவளுக்குத்தான்.
தையல் மெசினுக்குக் கீழே வைத்தால்
பாட்டு உள்ளங்காலால் ஏறும்.
இடித்ததும் செருப்பைக் கழற்றுவாளாம்.
இப்போது பாட்டு
பாதி போன பிறகுதான் தெரியுதாம்,
ஒருநாள் முழுப் பாட்டும் போய்விட்டதாம்.

கலாரஞ்சினி வெறுங்காலைச் சீமெந்தில் வைத்தாள்.
நான் பொத்தானைத் தொட்டேன்.
இருபத்திரண்டு:
தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை.
நாலே முக்கால்:
தேத்தண்ணிக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.
அவளே உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள்,
பக்கத்து வீட்டுக்காரர் பாவம்.
பத்து:
பெருவிரல் எழும்பி நின்றது.

விரலை மடக்கி
ஒருமுறை கதவில் தட்டும் அளவு.
சுவரைத் தாண்டாது.

அணைக்கும்போதும் வேணுமோ என்று
புவிராஜ் கையால் கேட்டான்.
அவள் உதட்டைப் பிதுக்கினாள்.
முடிந்தது தானாய்த் தெரியும்.

மூடுவதற்கு முதல்
உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன்,
எனக்குப் பிறகு திறக்கப்போகிற ஆளுக்கு:
"இந்தத் தட்டல் பிழை இல்லை.
பத்துக்கு மேல் போட வேண்டாம்."

நாலாவது ஆணி எங்கேயோ உருண்டுவிட்டது.
செத்த ரேடியோ ஒன்றிலிருந்து
கழற்றிப் பூட்டினேன்.
அதற்குக் காசு எடுக்கவில்லை.