ஆளுக்குப் பதின்மூன்று

மாக்னசைட் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம்
அடுத்தவர் கணக்கில் தப்பு பிடித்துச் சாப்பிட்டவன் நான்.
பென்ஷன் வந்துவிட்டால் கை சும்மா இருக்குமா.

ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில் இந்த விடுதி.
இருபத்திரண்டு பேர். ஒரே டிவி, அதற்கு மூன்று கட்சி.
வம்பு வேண்டாமென்று நாங்கள் நாலு பேர்
ஆறு மணிக்கு ரம்மிக்கு ஒதுங்கினோம்.
காசு வைக்கக் கூடாதென்று மேனேஜர் சொன்னதால்
தோட்டத்துக் காப்பிக்கொட்டை வைத்து.

தை மாதம் ஜோசப் ராஜரத்தினம்
நெஞ்சைப் பிடித்தபடி ஆம்புலன்ஸில் போனார்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினார்.
ஏறி வரவில்லை.

மறுநாள் ஆறு மணி.
மூன்று பேர் ரம்மி ஆடலாம்தான்.
யாரும் சீட்டைக் கலைக்கவில்லை.

மாத்திரைத் தட்டை வைத்துவிட்டு வந்த பொன்னுருவி
அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.
"எனக்கும் போடுங்க சார், ஏழேகாலுக்குத்தான் பஸ்."
காலையிலிருந்து பதினோரு படுக்கை மாற்றிய கை.
ஆறேகாலுக்கும் ஒரு பஸ் உண்டென்பது
எனக்குப் பிறகுதான் தெரியும்.

சௌடப்பனுக்குக் கை நடுங்கும்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மணி பற்றவைத்த கை.
சீட்டு நழுவினால் ஆட்டமே அம்பலம்.
பழைய சோப்பு டப்பாவைக் கீறி
சீட்டு நிறுத்த ஒரு வேலி செய்து கொடுத்தாள்.
ரெஜினா டீச்சரின் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து
விழுந்த சீட்டையெல்லாம் ஏலம் போடுவதுபோல் கத்துவாள்:
"ஆட்டின் எட்டு! டைமன் ராணி!"
தோற்பாள். தலையில் அடித்துக்கொள்வாள்.
டார்ச்சும் குடையுமாக ஓடுவாள்.

பங்குனியில் காப்பி பூத்த வாரம்
வாசனையில் தூக்கம் வராமல் ஸ்கோர் நோட்டைக் கூட்டினேன்.
அவள் லீவு நாள் போக முப்பத்தொன்பது ஆட்டம்.
சௌடப்பன் பதின்மூன்று.
டீச்சர் பதின்மூன்று.
நான் பதின்மூன்று.

இத்தனை நேராக உட்காரும் கணக்கை
சர்வீஸில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.
இரண்டு முறையும் ஆள் சஸ்பெண்ட்.

டீச்சரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அழுக்கில்லாத கண்ணாடி.
"எனக்கு இஸ்பேட் ஏழு வேணும்னு
அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது" என்றார் சௌடப்பன்.
பிறகு சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.

அன்று மாலை தோற்பதென்று முடிவு.
மூவரும்.

தோற்பது இவ்வளவு பாடா!
கைக்கு வந்த ஜோக்கரை டீச்சர் கீழே எறிந்தார்.
சேர்ந்த வரிசையை நானே உடைத்தேன்.
சௌடப்பன் எதை எடுத்தாரோ அதையே போட்டார்.
கட்டு தீர்ந்தது. கலைத்து வைத்தோம்.
மறுபடி தீர்ந்தது.
பனி ஜன்னல் வரை வந்து நின்றது,
சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு.
டிவி பக்கம் இருந்தவர்கள் எழுந்து வந்து
எங்கள் முதுகுக்குப் பின்னால் கூடினார்கள்.
"சீரியலைவிட இழுவை" என்றார் ஒருவர்.
நகரவில்லை.

ஏழு பத்து.
பொன்னுருவி எங்கள் முகங்களைப் பார்த்தாள்,
காய்ச்சல் பார்க்கிறவள் மாதிரி, ஒவ்வொன்றாக.
சீட்டை விரித்து வைத்தாள்.
சுத்தமான வரிசை ஒன்று. ஜோக்கர் சேர்த்து ஒன்று.
மூன்று ராணி. மூன்று பத்து.
"மூணாம் சுத்துலயே வந்துருச்சு சார்.
நீங்கள்லாம் என்னதான் பண்றீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

காப்பிக்கொட்டையை ஒன்று விடாமல் வாரி
முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள்.

நோட்டில் நாலாவது கட்டத்தில்
இன்னும் ஜோசப் பெயர்தான் இருந்தது.
அதை அடிக்காமல், கீழே அவள் பெயரை எழுதினேன்.
இனிஷியல் தெரியவில்லை. இரண்டு வருஷமாக
என் ரத்த அழுத்தம் அவளுக்கு மனப்பாடம்.
கேட்கலாமென்று வாசலுக்குப் போனேன்.
பஸ் விளக்கு வளைவில் திரும்பிவிட்டது.

பதின்மூன்று, பதின்மூன்று, பதின்மூன்று, ஒன்று.
கணக்கு உதைக்கிறது.
கையெழுத்துப் போட்டு மூடினேன்.