அடிவயிறு

கால்வெஸ்டனில் வெள்ளத்துக்குப் பயந்து
மரக்கால்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடு.
இன்றிரவு குளிருக்கு
அடிவயிற்றைக் காட்டி நிற்கிறது.

ரேடியோ மைனஸ் ஏழு என்கிறது.
படகுத்துறையில் கூழைக்கடாக்கள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

ஓடீல் மல்லாந்து ஊர்கிறாள், குழாய்களுக்குக் கீழே.
பழைய துண்டுகள், கிழிந்த யோகா பாய்.
தோட்டத்துக் குழாயின் மூக்குக்கு
பிரிந்துபோன ரெமியின் கம்பளிக் காலுறை.
புயலென்றால் பலகை அடிக்கத் தெரியும்.
ஓசையில்லாமல் வருவதை
எந்தப் பக்கம் ஆணியடித்துத் தடுப்பது?

எலுமிச்சைக்குப் படுக்கை விரிப்பு,
உள்ளே கிறிஸ்துமஸ் விளக்குச் சரம்.
வேலிக்கு மேலே ட்வான் கத்துகிறார்:
"வெந்நீர்க் குழாயையும் திறந்து வை!"

சொட்டும் குழாய்க்காகப்
பதினோரு வருடம் சண்டை போட்டவள்
இரண்டையும் தானே திறந்துவிட்டுப் படுக்கிறாள்.

சொட்.
நின்றால் எழ வேண்டும்.
சொட்.