நூற்றிருபது

முப்பது நாள் இலவசம் என்றது.
பயத்தில் ஒரு நாளும் திறக்கவில்லை.
முப்பதாம் நாள் ராத்திரி பணம் கட்டினேன்,
வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தில்
இரண்டு மாச மிச்சம்.

பழையது கள்ளச்சாவி.
யாரோ ஒரு ருஷ்யாக்காரன் பெயரில் திறக்கும்.
மூன்று வருஷம்
அவன் பெயரில்தான் பாட்டுக் கட்டினேன்.

இது திறக்கும்போது என் பெயரைப் போடுகிறது:
சூ. முப்பிடாதி.
இனிஷியலுக்குப் பின்னால் புள்ளிகூட இருக்கிறது.
அதை மட்டும் நாலு தடவை மூடித் திறந்து பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒன்றும் விளங்கவில்லை.
பழையது முட்டை அட்டை மாதிரி,
குழியில் ஒன்று வைத்தால் ஓர் அடி விழும்.
இது இடமிருந்து வலமாக ஒரே நீளம்,
நாங்குநேரி தாண்டின நாற்கரச் சாலை,
மதியம் இரண்டு மணி, ஆளில்லை.
ஓரத்தில் 120 என்று ஓர் எண்.
யார் வைத்தது? என்னைக் கேட்டா?

விரல் படித்ததெல்லாம் தப்பு.
நகலெடுக்கத் தட்டினால் வெட்டுகிறது,
வெட்டத் தட்டினால் ஜன்னலையே மூடுகிறது.
"சவம்" என்றேன்.
போனில் ஜெனோவா சிரித்தாள்.
"ஏட்டி, புது வீட்டுல சுவிட்சு எங்கன இருக்குன்னு
செவுத்தத் தடவுவோம்லா, அம்புட்டுதான்."
அவளுக்கென்ன, பாளையங்கோட்டையில் சொந்த வீடு.
நாங்கள் ஏழு வாடகை வீடு பார்த்தவர்கள்.
இருட்டில் சுவர் தடவுவதில்
என்னை மிஞ்ச ஆளில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பழைய கோப்பை இது திறக்காது.
தடம் தடமாகப் பிரித்துச் சுமந்து வந்தேன், பதினான்கு நடை.
கடையில் ஸ்பைரல் மிஷின்
தாளைத் துளைக்கும் கடக்.
ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தட்டில் நின்று பிடித்த,
மேலே போகிற பஸ்ஸின் உறுமல்.
தச்சநல்லூர் கேட்டில் கூட்ஸ் வண்டி,
ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணியிருக்கிறேன்.

குரலைக் கடைசியாக ஏற்றினேன்.
அது என் குரல் இல்லை.

பழையதில், எல்லாவற்றுக்கும் மேலே,
அந்த ருஷ்யாக்காரனோ எவனோ
ஓர் எதிரொலியைப் போட்டு வைத்திருந்திருக்கிறான்.
எனக்குக் கோயில் மண்டபத்துக் குரல் என்று
நான்பாட்டுக்கு நம்பிக்கொண்டிருந்தேன்.
இங்கே அது
மொட்டைமாடியில் நாலு நாள் கிடந்த கூழ்வற்றல்.
மூச்சிழுப்பது கேட்டது.
மழை என்கிற இடத்தில்
நாக்கு மடங்கப் போய், பாதியில் திரும்பி,
மள என்று சொல்லிவிட்டு ஓடியது.
எட்டாவது நொடியில், பின்னால், தம்பி கேட்கிறான்:
"சோறு இருக்கா?"

மூன்று வருஷமாகப் பாட்டுக்குள்ளேயே
பசியோடு நின்றிருக்கிறான்.
எதிரொலி அவனை மூடியிருந்தது.
கேட்டுவிட்டு சூப்பர் என்றவர்கள் யாருக்கும்
அவன் கேட்கவில்லை. பாடின எனக்கும்.

எதிரொலி இங்கேயும் உண்டு.
கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்.
மண்டபம், குகை, தகரக் குழாய் என்று நாற்பது தினுசு.
மௌசை அதன்மேல் நிறுத்தி
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பிறகு அந்த எட்டாவது நொடியை மட்டும்
திரும்பத் திரும்ப ஓடவிட்டு,
அவன் கேட்கிற வேகத்துக்கு
மேஜையில் தட்டிப் பார்த்தேன்.
தொண்ணூற்றேழு.

நூற்றிருபதை அழித்தேன்.
சேமிக்கப் போனால்
கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது.

'இருக்கு' என்று போட்டேன்.