சவர்க்கார நுரை

சீமெந்துத் தரையில் மல்லாந்து
கெண்டைக்கால் இரண்டையும் கதிரையில் தூக்கிப் போட்டால்
கொஞ்சம் அடங்கும்.
ஐந்து கிழமையாக இப்படித்தான்
என் வீட்டை நான் பார்க்கிறேன்:
மேசையின் அடிப்புறம்,
மகன் ஒட்டிவைத்த சுவிங்கம்,
தச்சன் பென்சிலால் எழுதி மறந்த ஒரு நான்கு.
எதற்கு நான்கென்று தச்சனுக்கே தெரியாது.
என் முதுகிலும் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தானாம்.

பதினெட்டு வருசம் கேஸ் சிலிண்டர்.
உவர்மலை ஏற்றத்தில்
லொறி நுழையாத ஒழுங்கைகளுக்குள்
தோளில் ஒன்று, கையில் ஒன்று.
மட்டிக்களியில் எந்தக் குசினிக்கு எத்தனை படி
இருட்டிலும் சொல்வேன்.
கடைசியாய்த் தூக்கியது வெறும் சிலிண்டர்.
அதுதான் வெட்கம்.
நிரம்பியதில் போகாத முதுகு
வெறுமையில் போயிற்று.

டொக்டர் நல்ல மனுசன்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
தமிழில் சொல் தேடித் தேடி,
"இது வாசர் மாதிரி. உள்ளே களி.
வெளியே வந்திட்டுது. நரம்பிலே முட்டுது."
வாசர் எனக்குத் தெரியும் ஐயா.
பழசைக் கிண்டிப் புதுசை அமுக்க
அரை நிமிசம்.
"செய்தா நூறு பேரில தொண்ணூறு பேருக்குக் கால் வலி போகும்.
செய்யாமலும் நிறையப் பேருக்குத் தானா வற்றும்,
ஆனா கெதியா இல்ல.
உங்கட விருப்பம்."

உங்கட விருப்பம்.
முதலாளி ஒருநாளும் சொல்லாத சொல்லை
முதுகு போனபிறகு ஒருவர் சொல்கிறார்.

நூறு என்பது எங்களுக்கு ஒரு லோட்.
அதில் ஐந்தாறு கசியும்.
வாளியில் சவர்க்காரம் கரைத்துக் கழுத்தில் பூசுவோம்,
குமிழி வந்ததை ஒதுக்கி வைப்போம்.
நூறு பேரை வரிசையில் நிறுத்தி
அந்தப் பத்துப் பேரை
எந்த நுரை பூசிக் கண்டுபிடிப்பது?

கிண்ணியா றசீன் செய்துகொண்டான்.
மூன்றாம் மாதம் பாலத்தால் சைக்கிள் மிதித்து வந்து
என் வாசலில் குந்தி எழும்பிக் காட்டினான்,
பரிசு வாங்கிய பிள்ளைபோல.
துறைமுகத்து அருமைத்துரையும் செய்தார்.
கால் வலி போயிற்றாம், இடுப்பு வலி இருக்கிறதாம்.
"வாடகைக்காரன் போயிட்டான், வீட்டுக்காரன் நிக்கிறான்"
என்று சிரிக்கிறார், நின்றுகொண்டே.
கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளி என்றாள் அக்கா.
குளித்தேன்.
சுகமாய்த்தான் சுட்டது.
வாளி தூக்க ஆள் வேண்டியிருந்தது.

பதினேழாம் திகதி, செவ்வாய்.
படிவம் ரீவிக்குக் கீழே.
"உங்கட முதுகு" என்றாள் சுலோசனா.
பிறகு என் களிசானின் இடக்காலை மாட்டிவிடக் குனிந்தவள்
குனிந்தபடியே,
"ஆனா குனியிறது நான்."

இன்னொன்றும் சொல்லியிருந்தார்:
குதிக்காலில் நடக்க ஏலாமல் போனால்,
மூத்திரம் போவது தெரியாமல் போனால்,
யோசிக்க வேண்டாம், உடனே வாங்க.
அதனால் விடிய விடிய
குசினியிலிருந்து கேற் வரைக்கும்
குதிக்காலால் நடக்கிறேன், மகன் எண்ணுகிறான்.
திங்கள் பதினான்கு. புதன் பதினான்கு.
சோதனையில் பாஸாகிப் பாஸாகி
களைத்துப் போனேன்.

நேற்று டச்பே மணலில் மெதுவாய் நடந்தேன்.
மானொன்று சொப்பிங் பையைத் தின்றுகொண்டிருந்தது.
வீதிக்கு ஏறியபோது ஒரு சிறுமி ஓடிவந்தாள்,
கையில் என் இடது செருப்பு.
"மாமா, அங்கயே விட்டிட்டீங்க."
எங்கே கழன்றதென்று காலுக்குத் தெரியாது.
முதல்முறையாய்
வலிக்காததற்குப் பயந்தேன்.

பின்னேரம் கிணற்றடியில் சுலோசனா முதுகு தேய்த்தாள்.
"நல்லா நுரை பூசிப் பார்,
எங்க கசியுதெண்டு."
தேய்த்த கை நின்றது.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
உண்மையாகவே பார்த்தாள், கன நேரம்.
நுரை ஒவ்வொன்றாய் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.
"ஒண்டும் வரேல்ல" என்றாள்.
பிறகு வாளியைத் தானே தூக்கி ஊற்றிவிட்டு,
"பேனை ரீவிக்குப் பின்னால கிடக்கு."