பொய்ப் பட்டணம்

டார்ட்மூரில் மழை மேலிருந்து பெய்வதில்லை,
பக்கவாட்டில் வருகிறது.
பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த குறிப்பைக்
கெரன்சா உரக்க வாசிக்கிறாள்:
"மூன்றாம் நெருப்புக் கூடையிலிருந்து
வடமேற்கே எழுபது தப்படி.
இரட்டைப் பாறையின் அடிவயிற்றில் கை விடு."
கீழே கையெழுத்து: ஈரக் காலுறை.
யாரென்று எவருக்கும் தெரியாது.

டென்ஸில் திசைகாட்டியைத் தட்டுகிறான்.
சட்டப்படி பிரிந்து ஆறு வருடம்.
வீடு அவளுக்கு, வேன் அவனுக்கு.
பாறை இடுக்குப் பெட்டிகளில் கண்ட முத்திரைகளை
ஒவ்வொன்றாக ஒற்றிச் சேர்த்த நோட்டு மட்டும்
யாருக்கென்று எந்த வக்கீலும் கேட்கவில்லை.
ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு
இரண்டு பேரும் ஒரே பெட்டியைத் தேடுகிறார்கள்.

இன்றைய வேட்டை, இல்லாத ஓர் ஊரைச் சுற்றி.
போர்க்காலத்தில் இந்த மேட்டில் ஒரு பட்டணம் எரிந்தது,
இரவில் மட்டும்.
சுவர் கிடையாது, கூரை கிடையாது,
தெருவுக்குப் பெயர் கிடையாது.
இரும்புக் கூடைகளில் மரத்தூளும் தாரும்,
தண்ணீர் விழுந்தால் குபீரென்று எகிறும் எண்ணெய்த் தொட்டி.
தொலைபேசி அடித்ததும்
பதுங்குகுழியில் ஒருவன் பொத்தானை அழுத்துவான்.
கடலோரத்தில் பிளிமத் விளக்கணைத்து மூச்சடக்க,
இங்கே பொய்ப் பிளிமத் பற்றிக்கொள்ளும்.
வானத்தில் வருகிறவன்
ஊர் இதுதான் என்று சுமையை இறக்க வேண்டும்.

மானைக் கட்டிவைத்து மானைப் பிடித்த வேடர்கள்
கட்டிய மானைப் பார்வை என்றார்கள் நம் மொழியில்.
இங்கே கட்டியிருந்தது நெருப்பை.

முதல் பெட்டியில் கூடை முத்திரை.
இரண்டாவதில் தொலைபேசி, சுருள் கம்பியோடு.
மூன்றாவது, அழிப்பானில் செதுக்கிய செம்மறி,
நான்கு காலும் மேலே.
அடியில் பொடி எழுத்து: "பலி, ஆடு பதினொன்று."
சிரிக்கலாமா என்று
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான்காவதற்குத்தான் எழுபது தப்படி.
அவன் தப்படியும் அவள் தப்படியும்
என்றைக்கு ஒத்துப்போனது?
சேறு முழங்கால் வரை விழுங்கிப் பார்த்துத் துப்பியது.
ஒன்றரை மணி நேரம் கழித்து, பாசிக்கு அடியில்,
ஐஸ்கிரீம் டப்பா.
முத்திரை இல்லை. ஓர் அட்டை:
"வாழ்த்துகள், ஏமாந்தீர்கள்.
உண்மைப் பெட்டி, நீங்கள் வண்டி நிறுத்திய
வாயிற்கதவின் கீழே.
எரியாத ஊரும் அன்று அதன் இடத்தில்தான் இருந்தது."

டென்ஸில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
நோட்டைப் பிரித்தால்
நாற்பது பேர் கையெழுத்தில் அதே வார்த்தை.

நடுவே ஒரு பக்கம் ஜெர்மனில்.
மூன்று வரி, ஒரு தேதி, காஸல் என்று ஊர்ப்பெயர்.
கெரன்சா சாண்ட்விச் காகிதத்தை விரித்து
எழுத்தெழுத்தாக வரைந்துகொண்டாள்,
தலைமேல் இரட்டைப் புள்ளி உட்பட.
டென்ஸில் அவள்மேல் மேல்சட்டையை
விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான், கை வலிக்கும்வரை.

கீழே மதுக்கடையில்
பள்ளியில் ஜெர்மன் படித்த பணிப்பெண்
விரல் வைத்து வாசித்தாள்:
"என் தாய்மாமன் இங்கே ஒரு வெளிச்சத்தை நம்பினார்.
எல்லாம் ஆடுகள்மேல்தான் விழுந்தன என்று
நான் நம்ப விரும்புகிறேன்."
மூன்றாவது வரி?
வெண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதவில்லை.

"திரும்பப் போய்ப் பார்க்கணும்" என்றாள்.
"அடுத்த மாதம்" என்றான்,
கொஞ்சம் வேகமாகவே.

இருட்டிவிட்டது. விட்டுப்போன கைத்தடிக்காக
மறுபடி மேட்டுக்கு ஓட்டினார்கள்.
வாயிற்கதவின்மேல் வேனின் விளக்கு.
அவன் இறங்கித் தடியை எடுத்தான்,
கதவுக் கொக்கியை ஒருமுறை சரிபார்த்தான்.
கண்ணாடி வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குனியவில்லை.
அவளும் சொல்லவில்லை.