முக்கால் கிலோ

அம்மாப்பேட்டைப் பிரிவில்
ஒரு நாளைக்குத் தொண்ணூறு வீடு எனக்கு.
நாய் இருக்கிற வீடு, ஏணி கேட்கிற வீடு,
மீட்டர் பெட்டிக்குள் குளவி கூடு கட்டிய வீடு.
பெயர் கேட்டால் திணறுவேன்.
யூனிட் சொல்லுங்கள், ஆளைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறா? தறிக்கூலிக்குப் போகிற துளசிமணி.
நூறைத் தாண்டாமல் நிறுத்தத் தெரிந்தவள்.
தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை மின்விசிறி,
அதையும் பொழுது சாய்ந்ததும் அணைத்துவிட்டு
வாசற்படியில் உட்கார்ந்து
முந்தானையால் விசிறிக்கொள்வாள்.

ஆயிரத்து முந்நூற்றுப் பத்து,
பைனான்ஸ் கோதண்டம் வீடு.
மூன்று பேர், நாலு ஏசி.
நாலாவது யாருக்குங்க என்று கேட்டேவிட்டேன்.
சாமி அறைக்காம்.
பெருமாளுக்கு வியர்க்கிறதாம்.

இந்த முறை என்னோடு
ரெஜினா என்று ஒரு கல்லூரிப் பெண், கையில் படிவத்தோடு.
சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது,
வண்டிக்கு மாதம் எத்தனை லிட்டர்,
மிஞ்சின சோறு எங்கே போகிறது,
எல்லாம் கேட்டாள்.
"ஒரு யூனிட்டுக்கு
ஏறக்குறைய முக்கால் கிலோ புகைக்கா."
சிரித்துவிட்டேன்.
புகையை எந்தத் தராசில் நிறுப்பாய்,
ரேஷன் கடைத் தராசிலா?

மூன்றாம் தெரு திரும்புவதற்குள்
சிரிப்பு நின்றுவிட்டது.
இருபத்திரண்டு வருடமாக
சுவரில் அழுத்தி அட்டையில் நான் எழுதின எண்ணெல்லாம்
மேட்டூரில் கரியாக எரிந்த எண்.
ரசீது மட்டும்தான் இங்கே வந்தது.

படிவத்தின் கடைசிக் கட்டம் சராசரி கேட்டது.
துளசிமணியையும் பெருமாளையும் கூட்டி
இரண்டால் வகுத்தாள் ரெஜினா.
எழுநூற்று மூன்று.
அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே மாதையன் பேசினான்,
ஏற்காடு பிரிவிலிருந்து.
"ஒண்டிக்கடைப் பக்கம் லாட்ஜுல ஏசி மாட்டுறாங்கக்கா.
தூங்கிக் கிடந்த மீட்டரெல்லாம் இப்ப ஓடுது."
போனைக் காதில் வைத்தபடியே
சேர்வராயன் மலையைப் பார்த்தேன்.
வெயிலில் வெளிறிப்போய்
துவைத்த பழந்துணி மாதிரி கிடந்தது.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன்.
இரும்பாலையில் இரவு ஷிஃப்ட் அவருக்கு.
ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை,
கால்மாட்டில் ஏர்கூலர் இரைகிறது.
போன முறை எங்கள் அட்டையில் நானூற்றிருபது.
மனசுக்குள் பெருக்கிவிட்டேன், பழக்கதோஷம்.
முந்நூற்றுப் பதினைந்து கிலோ.

சுவிட்சில் விரல் வைத்தேன்.
வியர்க்குரு பூத்த முதுகு,
உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்ற முதுகு
லேசாக ஏறி இறங்கியது.
விரலை எடுத்துவிட்டேன்.

கூடத்தில் ஆளில்லாமல்
சமையல் சொல்லிக்கொண்டிருந்தது டிவி.
அதை அணைத்தேன்.
காலையிலிருந்து சுடுகிற கீசரை அணைத்தேன்.
எத்தனை கிராம் என்று
ரெஜினாவைத்தான் கேட்க வேண்டும்.

வெளியே மீட்டரில் சிவப்புப் பொட்டு
கொஞ்சம் நிதானமாக இமைத்தது.
அப்படி நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

இன்னும் நாற்பது வீடு பாக்கி.
ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.
இதையும் படிவத்தில் எழுதச் சொல்லியிருக்கிறாள்.